எண்ணிக்கை தப்பியது தெரிந்ததா? நல்லது!

கோயில்களில் எத்தனையோ உற்சவங்கள். தேர் உண்டு, தெப்பம் உண்டு, திருக்கல்யாணம் உண்டு. தவறுகளுக்காகவே ஓர் உற்சவம் நடக்கிறது, தெரியுமா உங்களுக்கு?

பவித்ரோற்சவம் என்று பெயர். வருடம் முழுக்க நடக்கும் பூஜைகளில், தெரிந்தும் தெரியாமலும் எத்தனையோ குறைகள் நேர்ந்திருக்கும். மந்திரத்தில் ஓர் அட்சரம் விட்டுப்போயிருக்கலாம். நிவேதனம் நேரம் தப்பியிருக்கலாம். தரிசனத்துக்குப் போன நாமே பிராகாரத்தில் நின்று ஊர்க்கதை பேசியிருக்கலாம். அத்தனைக்கும் சேர்த்துப் பிராயச்சித்தமாக, நூலால் செய்த பவித்ர மாலைகளை ஸ்வாமிக்குச் சாற்றி, ஹோமங்கள் செய்து, கோயிலைப் புனிதப்படுத்துகிறார்கள். திருமலையில் சிராவண மாதத்து வளர்பிறையில் மூன்று நாட்கள் இது நடக்கும். சாளுவ நரசிம்மன் காலத்தில், 1464-லேயே அங்கே இந்த உற்சவம் இருந்திருக்கிறது. இடையில் நின்றுபோய், 1962-ல் மறுபடி தொடங்கினார்கள். ஸ்ரீரங்கத்தில் பெருமாளின் திருமேனி முழுக்கப் பவித்ர நூல் சுருள்களைச் சாற்றி சேவை சாதிக்கும் நாளுக்கு, ஊர் மக்கள் செல்லமாக வைத்த பெயர், 'பூச்சாண்டி சேவை'!

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. இந்த உற்சவம் ஏதோ ஒரு வருடம், ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது என்று தெரிந்த பிறகு நடத்தப்படுவது அல்ல. ஆண்டுதோறும், பஞ்சாங்கத்தில் நாள் குறித்து நடத்தப்படுவது. அதாவது, பல வருடம் பாடம் பயின்று, நியமத்தோடு இருப்பவர்கள் செய்யும் காரியத்திலும் பிசகு வரும். வந்தே தீரும் என்று முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் பெரியவர்கள். தவறு வந்ததே என்று கோயிலை மூடிவிடச் சொல்லவில்லை. தவறைச் சரிசெய்யும் வேலையையும் வழிபாட்டில் ஓர் அங்கமாக்கிவிட்டார்கள்.

கோயிலுக்கு இத்தனை பெருந்தன்மை காட்டுகிற நாம், நம் மனசு விஷயத்தில் மட்டும் ஏனோ கறாராக இருக்கிறோம். 'நூற்றெட்டு தடவை சொல்லலாம்னு உட்கார்ந்தேன். பாதியிலேயே மனசு காஸ் சிலிண்டர், கரன்ட் பில்லுன்னு போயிடுச்சு. நமக்கெல்லாம் ஜபம் சரிப்படாது!' பலரும் இப்படிச் சொல்லி, மாலையைப் பெட்டிக்குள் வைத்துவிடுவதைப் பார்க்கிறோம். ஆனால், 'மனசு போயிடுச்சு' என்று தெரிந்ததே, அந்த ஜபம் கொடுத்த முதல் பலன் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

நாற்பத்தேழா... ஐம்பத்தேழா?

ஜபத்துக்கு ஏன் எண்ணிக்கை? பகவானுக்குக் கணக்குத் தெரியாதா என்ன? 'பக்தி இருந்தால் போதாதா, எண்ணிக் கொண்டா இருக்க வேண்டும்?' என்று இளைய தலைமுறை கேட்பதில் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும்.

கையில் எண்ணிப் பாருங்கள், விடை தெரியும். காயத்ரி போன்ற ஜபங்களை விரல் கணுக்களில் எண்ணும் முறை ஒன்று உண்டு. மோதிர விரலின் நடுக்கணுவில் தொடங்கி, கீழே இறங்கி, சுண்டுவிரலில் ஏறி, மோதிர விரல், நடுவிரல் நுனிகளைத் தொட்டு, ஆள்காட்டி விரலில் இறங்கி, அதன் அடிக்கணுவில் முடித்தால், பத்து. சுலபமாக ஒன்று, இரண்டு என்று விரலை மடக்கி எண்ணாமல், ஏன் இப்படிச் சுற்றி வளைத்து ஒரு பாதை? மனம் கொஞ்சம் அசந்தாலும் விரல் தவறான கணுவில் நிற்கும். 'இங்கே எப்படி வந்தோம்?' என்று திடுக்கிடுவோம். அந்தத் திடுக்கிடல்தான் வேண்டும். மாலையில் மேரு மணியும் அப்படித்தான். நூற்றெட்டு முடிந்து மேருவைத் தொட்டதும், அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். இதற்குச் சொல்லப்படும் தத்துவ விளக்கங்கள் பல. எனக்குப் பிடித்தது எளிமையான காரணம்: தூக்கத்தில் உருட்டிக்கொண்டே போகும் கையை, அந்தப் பெரிய மணி தட்டி எழுப்பிவிடும்.

எண்ணிக்கை, நம்மை நாமே காவல் காக்க வைத்த மணி. அது அடிக்காவிட்டால், மனம் வெளியே போனது நமக்குத் தெரியவே தெரியாது.

இதே விஷயத்தை, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹேசன்கேம்ப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். தியானப் பழக்கம் உள்ள 14 பேரை மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். 'மனம் வேறெங்கோ போய்விட்டது என்று தெரிந்த கணத்தில் இந்தப் பொத்தானை அழுத்துங்கள்; பிறகு மூச்சுக்குத் திரும்புங்கள்.' இவ்வளவுதான் நிபந்தனை. 2012-ல் வெளியான அந்த ஆய்வு, தியானம் என்பது நான்கு நிலைகள் கொண்ட ஒரு சுற்று என்று காட்டியது. மனம் அலைகிறது, அலைந்தது தெரிகிறது, கவனம் திருப்பப்படுகிறது, கொஞ்ச நேரம் நிற்கிறது. மறுபடி அலைகிறது. ஒவ்வொரு நிலையிலும் மூளையின் வெவ்வேறு பகுதிகள் வேலை செய்தன.

கவனியுங்கள்... 'அலையாமல் இருப்பது' என்று தனியாக ஒரு வெற்றி நிலை அதில் இல்லை. பழக்கம் உள்ளவர்களுக்கும் மனம் அலைகிறது. திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து, திரும்பத் திரும்ப அழைத்து வருவதுதான் பயிற்சி. கீதையின் ஆறாவது அத்தியாயத்தில் கண்ணன் சொல்வதும் இதைத்தான்: மனம் எங்கெங்கே ஓடுகிறதோ, அங்கங்கே இருந்து அதை மீட்டுக் கொண்டு வா என்கிறான். 'காற்றைப் பிடிப்பதுபோல அல்லவா இருக்கிறது!' என்று அர்ஜுனன் அலுத்துக்கொள்ள, 'ஆமாம், கஷ்டம்தான்' என்று முதலில் ஒப்புக்கொண்டுவிட்டே, அப்பியாசத்தாலும் வைராக்கியத்தாலும் முடியும் என்கிறான். ஆசிரியர் என்றால் அப்படி இருக்க வேண்டும்!

ஜபத்தில் மனம் தவறியதைக் கண்டுபிடிக்கும் அதே திறமைதான், பூஜை அறைக்கு வெளியேயும் வேலை செய்கிறது. சுடுசொல் நாக்கு நுனிக்கு வந்ததைக் கண்டுபிடிப்பதும் அதுதான். கணக்கெழுதும்போது கூட்டல் உதைப்பதை உணர்வதும் அதுதான்.

ஒரு மன்னன் நிற்காமல் போன இடம்

தமிழில் தவறைப் பற்றிப் பேச வேண்டுமானால், பாண்டியன் நெடுஞ்செழியனைத் தவிர்க்க முடியாது. கோவலனைக் கொல்லச் சொன்னது தவறு என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த ஆணை எந்தச் சூழலில் பிறந்தது என்று இளங்கோவடிகள் காட்டியிருப்பதை மறுபடி படித்துப் பாருங்கள்.

அரசவையில் ஆடல் பாடல் நடக்கிறது. மன்னனின் மனம் ஆடல் மகளிரிடம் போய்விட்டது என்று பாண்டிமாதேவிக்கு ஊடல். தலைவலி என்று சொல்லி அந்தப்புரத்துக்குப் போய்விடுகிறாள். அவளைச் சமாதானப்படுத்த மன்னன் புறப்படுகிறான். அந்தப் பாதையில் வந்து விழுந்து வணங்குகிறான் பொற்கொல்லன். அரண்மனைச் சிலம்பைத் திருடிய கள்வன் தன் குடிசையில் இருப்பதாகச் சொல்கிறான். மன்னனின் உடல் அங்கே நிற்கிறது. மனம் தேவியின் வாசலில் நிற்கிறது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை. ஒரு வாக்கியத்தில் ஆணை பிறந்துவிடுகிறது.

அவன் கொடுங்கோலன் அல்ல. கண்ணகி வந்து வழக்குரைத்து, சிலம்பை உடைத்து, அதிலிருந்து முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்த அந்தக் கணமே, 'நானே கள்வன்' என்று உணர்ந்து, சிங்காசனத்திலேயே உயிரை விட்டவன். சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை. பொற்கொல்லன் மேல் பழியைத் தள்ளவில்லை. தவறை ஒப்புக்கொள்ளும் நேர்மை அவனிடம் பூரணமாக இருந்தது. ஆனால், அந்த நேர்மை வந்து சேர்வதற்குள் கோவலன் இறந்துவிட்டான். ஊழ்வினை என்று காவியம் சொல்லும், அதை மறுக்கவில்லை. இருந்தாலும், அந்தப்புர வாசலில் ஒரே ஒரு மூச்சு நேரம் நின்றிருந்தால்... என்று மனசு கேட்காமல் இல்லை.

நேர்மை மட்டும் போதாது, நேரமும் வேண்டும். மனக் கட்டுப்பாடு நமக்குத் தருவது அந்த நேரத்தைத்தான்.

தவறு செய்த உடனே மூளையில் என்ன நடக்கிறது என்பதை 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர்கள் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். தவறான பொத்தானை ஒருவர் அழுத்திய ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடிக்குள், தலையில் பொருத்திய மின்முனைகளில் ஒரு கூர்மையான அலை பதிவாகிறது. 'தப்பு' என்று நமக்குத் தெரிவதற்கு முன்பே மூளைக்குத் தெரிந்துவிடுகிறது! அதைத் தொடர்ந்து, இன்னும் சில பத்தில் விநாடிகள் கழித்து, இரண்டாவதாக ஓர் அலை. 'ஐயோ, தப்பு செய்துவிட்டோம்' என்று நாம் உணர்வதோடு தொடர்புடையது இந்த இரண்டாவது அலைதான். செய்தவர் தன் தவறை உணராத சமயங்களில் முதல் அலை இருக்கிறது; இரண்டாவது மங்கிவிடுகிறது. உள்ளே மணி அடித்தும் நம் காதில் விழாமல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தவறு செய்ததும் மனிதர்கள் அடுத்த காரியத்தில் தாமாகவே வேகம் குறைக்கிறார்கள் என்பதை 1966-லேயே பிரிட்டன் உளவியலாளர் பேட்ரிக் ராபிட் காட்டினார். இயற்கையே நமக்குள் ஒரு வேகத்தடையை வைத்திருக்கிறது. கோபத்திலும் அவசரத்திலும் அந்த வேகத்தடை மேல் ஏறிக் குதித்துப் போகிறோம்.

நம் சடங்குகளில் இந்த 'நிற்பது' எத்தனை இடங்களில் வருகிறது என்று பாருங்கள். எந்தக் காரியம் தொடங்கும் முன்பும் ஆசமனம். உள்ளங்கையில் உளுந்து முழுகும் அளவு தண்ணீர். பிறகு பிராணாயாமம். பிறகு சங்கல்பம்: இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன காரியத்தைச் செய்யப்போகிறேன் என்று சொல்லிக்கொள்வது. 'உன் உடம்பு இருக்கும் இடத்துக்கு உன் மனசும் வந்துவிட்டதா?' என்று கேட்காமல் கேட்பதுபோல இல்லையா? நெடுஞ்செழியனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

'நான் பாவி' என்றால் போதுமா?

நின்றாயிற்று. தவறு நடந்ததும் தெரிந்தாயிற்று. அடுத்து என்ன?

நம்மில் பெரும்பாலோர் இங்கேதான் வழி தவறுகிறோம். 'நான் ரொம்ப மோசம்... எனக்கு புத்தியே கிடையாது...' என்று மொத்தமாக நம்மைத் திட்டிக்கொள்கிறோம். கேட்பதற்கு அடக்கம்போல இருக்கும். உண்மையில் இதனால் எதுவும் சரியாவதில்லை. சட்டையில் எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்க்காமல், 'சட்டையே சரியில்லை' என்று மூலையில் வீசுவதுபோலத்தான்.

சந்தியாவந்தனத்தில், ஒவ்வொரு வேளையும் ஒரு மந்திரம் சொல்லித் தண்ணீர் உட்கொள்வது உண்டு. மாலையில் சொல்லும் மந்திரம், அன்று பகலில் செய்த தவறுகளை மட்டும் சொல்கிறது. காலையில் சொல்வது, முந்தைய இரவில் செய்தவற்றை மட்டும். பல ஜென்மத்துப் பாவங்களை இழுத்துப்போட்டுக் கொள்வதில்லை. ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரக் கணக்கு, அவ்வளவுதான்! அதிலும் மனதால், வாக்கால், கைகளால், கால்களால், வயிற்றால் என்று தனித்தனியாகப் பிரித்து நிறுத்துகிறது. வயிற்றால் செய்த தவறு என்றால் என்ன? இரவு பத்து மணிக்கு, பசியே இல்லாமல், பாத்திரத்தில் மிச்சம் இருக்கிறதே என்று தின்றோமே... அதுவும் சேர்த்திதான்!

இன்னொன்று, காமோகார்ஷீத் ஜபம். ஆவணி அவிட்டத்தன்று, தை மாதத்தில் செய்திருக்க வேண்டிய உத்ஸர்ஜனம் என்ற கர்மாவைச் செய்யாமல் விட்டதற்குப் பிராயச்சித்தமாக, நூற்றெட்டு முறையோ ஆயிரத்தெட்டு முறையோ சொல்லுவார்கள். ஆசைதான் செய்தது, கோபம்தான் செய்தது என்று பொருள்படும் மந்திரம் அது. முதல் தடவை இதன் பொருளைக் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். 'செய்வதெல்லாம் செய்துவிட்டு, நான் செய்யவில்லை, கோபம்தான் செய்தது என்றால் என்ன நியாயம்?'

கேள்வி சரியானதுதான். கோர்ட்டில் இதைச் சொன்னால் எடுபடாது! ஆனால், இது தப்பித்துக்கொள்ளச் சொல்லும் பதில் என்று எனக்குத் தோன்றவில்லை. 'நான் கெட்டவன்' என்று சொன்னால், அதில் திருத்துவதற்கு ஒரு கைப்பிடி கிடைப்பதில்லை. 'கோபம் செய்தது' என்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டால், அடுத்த தடவை அந்த ஆள் தெருமுனையில் வரும்போதே அடையாளம் தெரியும். ஆயிரத்தெட்டு முறை ஒரே இரண்டு பெயர்களைச் சொல்லி முடித்த பிறகு, அந்த முகங்கள் மறந்துபோகுமா?

தமிழில் பட்டினத்தாரும் இதே வேலையைச் செய்திருக்கிறார். காஞ்சி ஏகம்பநாதரிடம் அவர் வைக்கும் விண்ணப்பத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்: பிழையைப் பொறுத்தருள் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளாமல், கற்காமல் விட்டது ஒரு பிழை, நினைக்காமல் விட்டது ஒரு பிழை, உருகாமல் நின்றது ஒரு பிழை, தொழாமல் போனது ஒரு பிழை என்று வரிசையாக எண்ணி வைப்பார். அத்தனையும் 'செய்யாமல் விட்ட' பிழைகள். செய்த தவறு கண்ணில் குத்தும். செய்யாமல் விட்டது கண்ணிலேயே படாது. படுத்த படுக்கையாக இருக்கும் உறவினரைப் போய்ப் பார்க்காமல் விட்டதை எந்த டைரியில் எழுதுகிறோம்?

பெயர் வைத்த பிறகு, மாற்று. பதஞ்சலி, யோகசூத்திரத்தின் இரண்டாம் பகுதியில் இதற்கு ஒரு வழி சொல்கிறார். 'பிரதிபக்ஷ பாவனை' என்று பெயர். தவறான எண்ணம் தலைதூக்கும்போது, அதற்கு எதிரான எண்ணத்தை வலிந்து வரவழைத்து வளர்ப்பது. 'கோபப்படாதே, கோபப்படாதே' என்று நூறு முறை சொன்னால், அங்கே கோபம்தான் நூறு முறை உச்சரிக்கப்படுகிறது. அதற்குப் பதில், எதிரில் நிற்கும் பிள்ளை நேற்று இரவு காய்ச்சலோடு நம் தோளில் தூங்கியதை நினைத்துப் பாருங்கள். ஓங்கிய கை தானாக இறங்கும்.

ஆமை தன் காலை வெட்டிக்கொள்வதில்லை

'சரி, இதெல்லாம் நிரூபிக்கப்பட்டதா?' என்று கேட்கிறீர்களா? உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம்.

'பச்சை' என்ற சொல்லைச் சிவப்பு மையில் அச்சடித்துக் காட்டி, 'எழுத்தைப் படிக்காதே, மையின் நிறத்தைச் சொல்' என்பார்கள். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-ல் வெளியிட்ட சோதனை இது. வீட்டில் பிள்ளைகளோடு விளையாடிப் பாருங்கள், நாக்கு எப்படிக் குழறுகிறது என்று! கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிம்மா டெப்பர், மைக்கேல் இன்ஸ்லிக்ட் இருவரும், தியானப் பழக்கம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தி, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பழக்கம் உள்ளவர்கள் குறைவாகத் தவறினார்கள். தவறியபோது, மேலே சொன்னோமே அந்த முதல் அலை, அவர்களுக்கு வலுவாக இருந்தது. இதோடு சேர்ந்து நின்ற குணம் எது தெரியுமா? தன் உணர்ச்சிகளை வெறுக்காமல் ஏற்றுக்கொள்ளும் பக்குவம். தவறியதும் எழும் சுருக்கென்ற வலியைத் தள்ளிவிடாமல் வாங்கிக்கொள்கிறவருக்கு, மணி ஓசை நன்றாகக் கேட்கிறது.

2019-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. தியானமே பழகாத 200 பேருக்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு, 20 நிமிடம், மனதில் வருவதையெல்லாம் விலகி நின்று பார்க்கும் தியானம் சொல்லித்தரப்பட்டது. அவர்களுக்கு அந்த இரண்டாவது அலை, தவறை உணரும் அலை, வலுவடைந்தது. ஆனால், தவறுகளின் எண்ணிக்கை உடனே குறைந்துவிடவில்லை! ஒருநாள் உட்கார்ந்து எழுந்ததும் மனசு சொன்ன பேச்சு கேட்கும் என்று யாராவது விளம்பரம் செய்தால், நம்ப வேண்டாம். முதலில் தெரிய ஆரம்பிக்கும், திருந்துவது பிறகுதான். தொடங்கிய புதிதில், 'முன்னைவிட இப்போது நிறையத் தப்பு செய்கிறேனோ?' என்றுகூடத் தோன்றலாம். தப்பு கூடவில்லை, வெளிச்சம் கூடியிருக்கிறது.

கீதை, இரண்டாம் அத்தியாயத்தில் புலனடக்கத்துக்கு ஆமையை உவமையாகச் சொல்கிறது. வள்ளுவரும் அடக்கமுடைமை அதிகாரத்தில் அதே ஆமையைத்தான் காட்டுகிறார். ஆமை காலையும் தலையையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது, வெட்டிக்கொள்வதில்லை. ஆபத்து நீங்கியதும் அதே கால்களால் நடந்து போகிறது. மனக் கட்டுப்பாடு என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு மனசை அடித்து உதைப்பது என்று நினைப்பவர்கள், ஒருமுறை ஆமையைப் பார்த்துவிட்டு வரலாம்.

வாசலில் கிடைக்கும் பயிற்சி

இதற்காகப் புதிதாக எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. பெண்களுக்கு வாசலிலேயே பயிற்சி இருக்கிறது. சிக்குக் கோலம் போடுங்கள். ஊடுபுள்ளியில் ஒரு புள்ளி இடம் மாறினாலும், கடைசியில் இழை வந்து சேராது. எங்கேயோ பிசகிவிட்டது என்று கோலமே சொல்லிவிடும். கை தேர்ந்தவர்கள் கோலம் முழுவதையும் அழிப்பதில்லை. இழையின் வழியே கண்ணால் பின்னோக்கிப் போய், பிசகிய வளைவைக் கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் விரலால் துடைத்துவிட்டுத் திருத்துகிறார்கள். மார்கழிக் குளிரில், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பதற்றப்படாமல் இதைச் செய்வது சாதாரணக் காரியமா என்ன!

மாலை விளக்கேற்றியதும், இரண்டே நிமிடம். அன்றைக்கு வாயால் தவறியது ஒன்று, கையால் தவறியது ஒன்று, செய்யாமல் விட்டது ஒன்று... மூன்றை மட்டும் நினைத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். அதில் சரிசெய்ய முடிந்தது எது என்று பார்த்து, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே செய்துவிட வேண்டும். போன் செய்து, 'காலையில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது' என்று சொல்வதற்கு எத்தனை நேரம் ஆகும்?

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. மருமகளிடம் பேசிய சொல்லுக்கு, நெய் விளக்கு போட்டால் கணக்கு நேராகிவிடாது. விளக்கு போடுங்கள், தப்பில்லை, மருமகளிடமும் பேசுங்கள். பூஜையில் நேர்ந்த குறைக்கு ஸ்வாமியிடம் பிராயச்சித்தம். மனிதருக்குச் செய்த குறைக்கு அந்த மனிதரிடம்தான் போக வேண்டும். பரிகாரத் தலங்களைப் பற்றி வாரம் தவறாமல் படிக்கும் நமக்கு, இது மறந்துவிடக் கூடாது.

நம் கண்ணுக்கே தெரியாத தவறுகளை என்ன செய்வது? திருக்குறளின் அதிகார வரிசையில் இதற்கு ஒரு குறிப்பு கிடைக்கிறது. குற்றங்கடிதல் 44-வது அதிகாரம். பொருட்பாலில், அரசியலில், மன்னனுக்குச் சொன்னதாக வருகிறது. ஏனென்றால், அவனைத் தட்டிக்கேட்க ஆளில்லை. தன் குற்றத்தைத் தானே பார்த்து நீக்கு என்று சொல்லிவிட்டு, அடுத்த அதிகாரத்திலேயே பெரியாரைத் துணைக்கோடல் என்று வைத்துவிட்டார் வள்ளுவர். இடித்துச் சொல்ல ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள் என்கிறார். வீட்டில் அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்பவர்கள் இருக்கிறார்கள்; நாம்தான் அவர்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

எல்லை தாண்டினால்...

தவறைக் கவனிப்பது நல்லது என்று இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் சரியாகாது. சிலருக்கு இந்தக் கவனிப்பே வதையாகிவிடும். மந்திரத்தைச் சரியாகச் சொன்னோமா என்று சந்தேகம் வந்து முதலில் இருந்து சொல்வார்கள், மறுபடி சந்தேகம், மறுபடி முதலில் இருந்து. பத்து நிமிட பூஜை மூன்று மணி நேரம் நீளும். கோலமோ, கை கழுவுவதோ, பூட்டைச் சரிபார்ப்பதோ, எதுவானாலும் இப்படியே. சுற்றியிருப்பவர்கள், 'என்ன பக்தி, என்ன ஆசாரம்!' என்று புகழ்ந்துகொண்டிருப்பார்கள். உள்ளே அவர்கள் பயத்தில் நடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

இது பக்தியின் மிகுதி அல்ல. மன உறுதி போதாத குறையும் அல்ல. ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரிடம் இதற்குச் சிகிச்சை உண்டு. மருந்தும் உண்டு, மனப்பயிற்சியும் உண்டு. அந்தப் பயிற்சியில், சந்தேகம் வந்தாலும் திரும்பச் செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவார்கள். இப்படித் தவிப்பவர்களிடம் 'இன்னும் நூற்றெட்டு சொல்லு, சரியாயிடும்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. நாளின் எந்த நேரத்திலும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

ஜபத்தில் எண்ணிக்கை மறந்தால் என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. நிச்சயமாக நினைவில் இருக்கும் கடைசி எண்ணிலிருந்து தொடருங்கள். நாற்பத்தேழா ஐம்பத்தேழா என்று தெரியாவிட்டால், நாற்பத்தேழு என்றே வைத்துக்கொள்ளலாம். பத்து கூடிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை!

வேத பாடசாலைகளில் சந்தை சொல்லும்போது, வாசலில் சற்று நின்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் ஒரு முறை சொல்ல, பிள்ளைகள் இரண்டு முறை திருப்பிச் சொல்வார்கள். பிற்பாடு கனம் என்ற பாட முறைக்கு வரும்போது, சொற்களை ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று, மூன்று-இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று என்று முன்னும் பின்னுமாகக் கோத்துச் சொல்வார்கள். ஓர் எழுத்து பிசகினாலும் உடனே தெரிந்துவிடும்படி, முன்னோர் அமைத்துவைத்த ஏற்பாடு அது. எழுதிவைக்காமலே இத்தனை நூற்றாண்டுகள் காப்பாற்றப்பட்டு வந்த இந்த ஓதும் மரபை, 2008-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஏதோ ஒரு பிள்ளையின் ஸ்வரம் தவறும். ஆசிரியரின் கை சற்றே உயரும். தவறிய அந்தச் சொல் மறுபடி ஒரு முறை வரும், சரியான ஸ்வரத்தில். கை இறங்குவதற்குள் அடுத்த சொல்லுக்குப் போயிருப்பார்கள்.